சின்னப் பிள்ளைகளின் உதைபந்தாட்டம்: வன்னியில் பெற்றோரும் இளம் பயிற்றுவிப்பாளர்களும் கேட்கும் கேள்விகள்

துணுக்காய்ப் பக்கம் ஒரு கிராமத்து மைதானத்தில் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கி வருகிறேன். பிள்ளையைக் கூட்டிவரும் அம்மாமாரும் அப்பாமாரும் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்பதும், அயல் ஊர்க் கழகங்களில் புதிதாகச் சின்னவர்களைப் பழக்கத் தொடங்கியிருக்கும் தம்பிமார் போனில் கேட்பதும் அநேகமாக ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிள்ளையை எத்தனை வயதில் கொண்டுவந்து விடலாம்?

ஆறு வயதில் வரலாம். எட்டிலோ பத்திலோ வந்தாலும் ஒன்றும் பிந்திவிடவில்லை. ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நாங்கள் பயிற்சி என்று தனியாக ஒன்றும் வைப்பதில்லை. பந்தை உருட்டிக்கொண்டே ஓடிப் பிடிப்பார்கள், ஒருவர் பந்தை ஒருவர் பறிப்பார்கள். முக்கால் மணித்தியாலத்தில் விட்டுவிடுவோம். வீட்டுக்குப் போகிற வழியில் "அடுத்தது எப்ப?" என்று பிள்ளை கேட்டால் அன்றைய வேலை சரியாக நடந்திருக்கிறது.

ஏன் பதினொரு பேர் ரீமாகப் பிரித்து விளையாட விடுவதில்லை? அதுதானே உண்மையான உதைபந்தாட்டம்?

முன்பு நானும் அப்படித்தான் விட்டேன். இருபத்திரண்டு பிள்ளைகள் வந்தால் இரண்டாகப் பிரித்து, பெரிய மைதானத்தில் ஒரு பந்தைப் போட்டு விசில் ஊதுவேன். எல்லோரும் ஓடினார்கள், வியர்த்தார்கள். எனக்கும் நல்ல பயிற்சி நடப்பது மாதிரித்தான் தெரிந்தது.

ஒருநாள் கால் சுளுக்கிக் கரையில் இருக்க வேண்டி வந்தது. இடது பக்கப் பின்வரிசையில் நின்ற ஒன்பது வயதுப் பெடியன் ஒருவனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் அவன் பந்தைத் தொட்டது மூன்று தரம். அதிலும் ஒன்று, கோட்டுக்கு வெளியே போனதை எடுத்து எறிந்தது. மிச்ச நேரம் முழுக்கப் பெருவிரலால் மண்ணில் கோடு கீறிக்கொண்டு நின்றான். மூன்றாம் தரம் பந்து வந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஓங்கி வெளியே அடித்தான். நான் கரையிலிருந்து "நல்லது!" என்று கத்தினேன். எதற்கு நல்லது என்றேன் என்று அன்று இரவு நித்திரை வரும்வரை யோசித்தேன். பந்தைக் கண்டு பயப்பட அவனுக்குப் பழக்கியது நான்தான்.

அடுத்த நாள் புத்தகப் பைகளைக் கோலாக வைத்து, சின்னச் சதுரங்கள் கீறி, நாலுக்கு நாலு என்று விட்டேன். அதே பெடியன் அந்த மூன்று தொடுகையை இரண்டு நிமிடத்துக்குள் தாண்டிவிட்டான். நாலு பேர் ஆட்டத்தில் ஒளிந்து நிற்க இடமில்லை. பந்து வரும், பறிபோகும், திரும்பப் பறிக்க வேண்டும், பாஸ் கொடுக்க வேண்டும், கோலும் அடிக்க வேண்டும். பிழை விட்டாலும் அடுத்த பந்து உடனே வந்துவிடும். பிழையை நினைத்து வெட்கப்பட நேரமே கிடைக்காது.

பதினொரு பேர் ஆட்டம் பெரியவர்களுக்கு அளந்து வைத்தது. கோலின் அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். பத்து வயதுப் பிள்ளை துள்ளினாலும் குறுக்குக் கம்பத்தை எட்டாது. அதன் தலைக்கு மேலால் போன பந்துக்கு அது ஏச்சு வாங்கும். பெல்ஜியம் தன் பிள்ளைகளின் ஆட்டத்தை இரண்டுக்கு இரண்டு, ஐந்துக்கு ஐந்து, எட்டுக்கு எட்டு என்று வயதுப்படி மாற்றி அமைத்தது. ஜேர்மனியில் 2024/25 பருவத்திலிருந்து பதினொரு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சின்ன மைதானத்தில் சின்ன ரீம்கள்தான் என்று கட்டாயமாக்கினார்கள். அதில் ஒரு வகை ஜேர்மன் பயிற்றுவிப்பாளர் ஹோர்ஸ்ட் வைன் உருவாக்கியது: மூன்றுக்கு மூன்று, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு சின்னக் கோல். ஒரு கோலடியில் ஆட்கள் கூடிவிட்டால் பிள்ளை தலையைத் தூக்கி மற்றதைப் பார்க்க வேண்டும். "தலையைத் தூக்கிப் பாரடா" என்று நான் வருடக்கணக்காகக் கத்தியும் வராத பழக்கம் அந்த இரண்டாவது கோலைக் கண்டதும் தானாக வந்தது. செலவு ஒன்றுமில்லை. நாலு கோலுக்கு எட்டுச் செருப்பு.

புதிதாகப் பழக்க வந்திருக்கும் தம்பிமாருக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு பிள்ளையை, அதுவும் சத்தமில்லாமல் ஓரமாக நிற்கிற பிள்ளையை, மனதுக்குள் தெரிந்தெடுங்கள். பத்து நிமிடம் அது எத்தனை தரம் பந்தைத் தொடுகிறது என்று எண்ணுங்கள். உங்கள் பயிற்சி எப்படி நடக்கிறது என்று அந்த எண் சொல்லிவிடும். கெட்டிக்காரப் பிள்ளையை எண்ணாதீர்கள். அது எப்படியும் பந்தைத் தேடிப் போகும்.

அப்படியென்றால் ஒரு நாள் பயிற்சி எப்படிப் போகும்?

நாலரைக்குத் தொடங்கும். முதலில் வருகிற இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் விளையாடத் தொடங்கிவிடுவார்கள். அடுத்து வருபவர்கள் அதில் சேர்ந்துகொள்வார்கள். மிச்சப் பேர் வரட்டும் என்று யாரும் காத்து நிற்பதில்லை. பிறகு ஒரு கால் மணித்தியாலம் பந்தோடு தனியாக: உள்ளங்காலால் இழுப்பது, வலது காலில் செய்ததை இடது காலில் செய்வது. அதன் பிறகு அன்றைக்கு எடுத்த ஒரே ஒரு விஷயத்தை ஆட்டத்துக்குள்ளேயே பழக்குவோம். பாஸ் கொடுத்ததும் நிற்காமல் நகர்வது அன்றைய பாடம் என்றால், நின்ற இடத்தில் நின்றவர் அடித்த கோல் எண்ணப்படாது. கடைசி அரை மணித்தியாலம் நான் வாய் திறப்பதில்லை, அவர்களாகவே விளையாடுவார்கள்.

பன்னிரண்டு பேரை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராகப் பிளாஸ்ரிக் கோனைச் சுற்றிவந்து அடிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டேன். பார்க்க ஒழுங்காக இருக்கும், படமும் நன்றாக வரும். ஆனால் அதில் பதினொரு பேருக்குக் கிடைப்பது நிற்கிற பயிற்சி மட்டும்தான்.

உங்கள் ரீம் வெல்ல வேண்டாமா?

வேண்டும். பிள்ளைகளுக்கு வெல்ல நல்ல ஆசை. செருப்புக் கோலுக்குள் ஒரு பந்து போனாலே அது கோலா இல்லையா என்று சண்டை பிடிப்பார்கள். அதை நான் தடுப்பதில்லை. பெரியவர்களின் கிண்ண ஆசைக்காகச் சின்னப் பிள்ளையை வாங்கில் இருத்தி வைப்பதைத்தான் நான் செய்ய மாட்டேன்.

எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது அயலூர் ஒன்றில் நினைவுக் கிண்ணப் போட்டி நடந்தது. புது ஜேர்சி, 14ஆம் இலக்கம். காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று மூன்று ஆட்டத்திலும் நான் வாங்கில் இருந்தேன். வென்றோம். படம் எடுக்கும்போது கூப்பிட்டு என்னையும் கிண்ணத்தில் கை வைக்கச் சொன்னார்கள். வீட்டில் அம்மா தோய்ப்பதற்கு ஜேர்சியை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, "என்னடா, இதில ஊத்தையே இல்லையே" என்றா. அம்மா அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த ரீமுக்கு நான் போகவில்லை. உதைபந்தாட்டத்துக்கே திரும்பி வர எனக்கு நாலு வருடம் எடுத்தது.

அதனால் எங்கள் விதி இதுதான்: வந்த பிள்ளை எல்லாம் ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதி நேரமாவது விளையாடும், இறுதி ஆட்டமானாலும். இதனால் சில ஆட்டங்களில் தோற்றிருக்கிறோம். இன்னமும் தோற்போம்.

இதெல்லாம் வன்னிக்குச் சரிவராது என்பவர்கள் நோர்வேயில் இருக்கும் சொந்தக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் விளையாட்டுக்கென்று அங்கே 1987இலேயே விதி எழுதிவிட்டார்கள். பதினொரு வயதாகும்வரை புள்ளி அட்டவணை கிடையாது, பதின்மூன்று வயதுக்கு முன் தேசிய சம்பியன் பட்டம் கிடையாது. இன்று உலகமே அறிந்த கோலடிக்காரர் ஏர்லிங் ஹாலண்ட் அந்த நாட்டில்தான் வளர்ந்தார்.

வயதைக் குறைத்துச் சொல்லிப் பெரிய பெடியளை இறக்குவது பற்றியும் கேட்கிறார்கள். செய்யாதீர்கள். அடிபட்டு விழப்போவது இன்னொரு வீட்டுச் சின்னப் பிள்ளை.

என் மகன் வயதுக்குச் சின்ன ஆள், மெலிவு. தெரிவில் எடுபடமாட்டானே?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாவற்றிலும் கூடுதலாகக் கேட்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் அம்மாமார், மகனுக்குக் கேட்காமல் மெல்லமாக.

வயதுப் பிரிவுகள் பெரும்பாலும் ஜனவரி 1ஐ வைத்துப் பிரிக்கப்படுகின்றன. ஜனவரியில் பிறந்த பிள்ளைக்கும் டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கும் தாளில் ஒரே வயது. பத்து வயதில் அந்தப் பதினொரு மாத இடைவெளி உயரத்திலும் ஓட்டத்திலும் நன்றாகத் தெரியும். பெரிய ஆளாகத் தெரிகிறவனை ரீமுக்கு எடுக்கிறோம், அவனுக்கே கூடுதல் பயிற்சியும் ஆட்டமும் கிடைக்கிறது, பிறகு அவன்தான் கெட்டிக்காரன் என்கிறோம். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் கூடுதலாக இருப்பதை ஆய்வாளர்கள் பல தடவை எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். இதற்கு மேல் வளர்த்தி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வயதில் வரும். ஒருவன் பன்னிரண்டில் நெடுநெடுவென்று போவான், இன்னொருவன் பதினாறில் போவான்.

சின்ன ஆளுக்கு இதில் ஒரு நன்மையும் உண்டு. உடம்பால் தள்ள முடியாததால் பந்தைக் காலோடு வைத்திருக்கவும், ஆள் வருமுன் பாஸ் கொடுக்கவும் அவன் பழகியே ஆகவேண்டும். நாங்கள் செய்ய வேண்டியது, வளர்த்தி வரும்வரை அவனை விளையாட்டை விட்டுப் போகாமல் வைத்திருப்பது.

லூக்கா மொட்ரிச் 1985 செப்ரெம்பரில் குரோசியாவில் பிறந்தவர். 1991இல் அங்கே போர் வந்தது. தாத்தாவைக் கொன்றுவிட்டார்கள், குடும்பம் இடம்பெயர்ந்து சாடார் நகரத்து ஹோட்டல் ஒன்றில் அகதிகளாக இருந்தது. அந்த ஹோட்டலின் வாகனத் தரிப்பிடத்தில் பந்தடித்துத்தான் வளர்ந்தார். ஹைடுக் ஸ்பிளிட் கழகம் அவரைச் சின்ன ஆள், மெலிவு என்று எடுக்கவில்லை. 2018இல் குரோசியாவுக்குத் தலைமை தாங்கி உலகக் கிண்ண இறுதி ஆட்டம்வரை கூட்டிப் போனார். உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் விருதும் அந்த வருடமே கிடைத்தது. இதைச் சொன்னபோது ஒரு தகப்பன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அவரும் 2009இல் போரால் இடம்பெயர்ந்து, செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில், கூடாரங்களுக்கு நடுவில், துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தை அடித்த பிள்ளைதான்.

நாலு அடி போட்டு, சத்தம் போட்டால்தானே கேட்பார்கள்?

அடியாத மாடு படியாது என்பார்கள். மாட்டுக்கு அது சரியோ என்னவோ, பந்து வைத்திருக்கிற பிள்ளைக்குச் சரிவராது.

ஒரு தடவை எங்கள் மைதானத்தில் பத்து வயதுப் பிள்ளையின் காலில் பந்து. கரையில் நின்ற தகப்பன் "அடி!" என்றார். மாமா "குடு குடு!" என்றார். நான் "திரும்பு!" என்றேன். பிள்ளை பந்தின் மேல் காலை வைத்து நிறுத்திவிட்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பந்தை மற்றவன் கொண்டு போய்விட்டான். திரும்பினால் அதற்கு முன்னால் வெறும் இடம் கிடந்தது. எங்கள் சத்தம் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அதைத் தானே கண்டிருக்கும்.

இப்போது ஆட்டம் நின்ற பிறகு கேட்கிறேன்: "அந்த நேரம் நீ என்ன கண்டனி?" முதல் இரண்டு கிழமை "தெரியாது சேர்" என்பார்கள். மூன்றாம் கிழமை கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். அடிப்பது எங்கள் மைதானத்தில் கிடையாது. காரணமே தேவையில்லாத விதி அது. கரையில் நிற்கும் பெற்றோர் கை தட்டலாம், யாருக்கும் தட்டலாம், என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வருகிறது. ரியூசனுக்கும் போக வேண்டுமே?

போகட்டும். கிழமைக்கு இரண்டு நாள், ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நாங்கள் கேட்பதில்லை. பரீட்சைக்கு முந்திய மாதம் ஒரு நாள் வந்தாலும் போதும். முழுதாக நிறுத்திவிட மட்டும் வேண்டாம். காலையிலிருந்து கதிரையில் இருக்கிற பிள்ளை ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டுப் போய்ப் படிப்பது நல்லது. வற்றாப்பளைப் பொங்கல் கிழமையில் எப்படியும் யாரும் வரமாட்டார்கள், அந்தக் கிழமை பயிற்சி இல்லை.

பெண் பிள்ளைகளைச் சேர்க்கிறீர்களா?

சேர்க்கிறோம். பன்னிரண்டு வயது வரை எல்லோரும் ஒன்றாகத்தான் விளையாடுகிறார்கள். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் பாடசாலை மட்டத்தில் தேசியச் சம்பியனாகப் பல தடவை வந்திருக்கிறார்கள். வடக்குப் பெண் பிள்ளைகளுக்கு முடியுமா என்ற கேள்விக்கு அவர்கள் எப்போதோ பதில் சொல்லியாயிற்று.

பெண் பிள்ளைகள் பதின்மூன்று வயதில் நின்றுவிடுவதற்கு விளையாட்டில் ஆசை விட்டுப்போவதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். வீடு வீடாகப் போய்க் கேட்டபோது சொன்னது வேறு: மைதானத்தில் பூட்டக்கூடிய கதவோடு ஒரு மலசலகூடம் இல்லை, பொழுதுபட்டால் தனியே வரமுடியாது, அரைக் காற்சட்டை போட விருப்பமில்லை. மூன்றும் தீர்க்கக்கூடியவை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு அவர்களின் மலசலகூடத்தைப் பாவிக்கிறோம். ஐந்தே முக்காலுக்கு முடித்து, ஒரே பாதையில் போகிறவர்களைச் சேர்த்து அனுப்புகிறோம். நீளக் காற்சட்டையோடு விளையாடலாம். நின்றவர்களில் நாலு பேர் திரும்பி வந்தார்கள்.

தலையால் அடிக்கப் பழக்குவீர்களா?

பன்னிரண்டு வயது வரை இல்லை. முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு 2019இல் சொன்னது. அடுத்த வருடம் பெப்ரவரியில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்தில் ஆரம்பப் பாடசாலை வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையடி வேண்டாம் என்றார்கள். அமெரிக்காவில் பத்து வயதுக்காரருக்கும் அதற்குக் கீழானவர்களுக்கும் அதற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். மாரி மழையில் ஊறிய பழைய பந்து எவ்வளவு பாரமாக இருக்கும் என்று கையில் தூக்கிப் பார்த்தாலே விளங்கும்.

பூட்ஸ் வாங்க வேண்டுமா?

வேண்டாம். வெறுங்காலோடு வரலாம். ஆனால் ஒரே ஆட்டத்தில் பாதிப் பேர் பூட்ஸோடும் பாதிப் பேர் வெறுங்காலோடும் இருந்தால் கால்விரல் மிதிபடும். அதனால் பூட்ஸ் வைத்திருப்பவர்களும் அன்றைக்குக் கழற்ற வேண்டும்.

வெயில், தண்ணி, காயம்?

மூன்றரைக்கு முன் எந்தக் காரணம் கொண்டும் பிள்ளையை மைதானத்தில் இறக்க மாட்டேன். கால் மணித்தியாலத்துக்கு ஒரு தரம் எல்லோரும் தண்ணி குடிக்க வேண்டும், தாகம் இல்லாவிட்டாலும். பாடசாலை விட்டு வந்து ஒன்றும் சாப்பிடாமல் வருகிற பிள்ளைக்கு அவித்த கடலையோ கச்சானோ ஒரு கை கொடுத்து அனுப்புங்கள். தலை சுற்றுகிறது என்று இருக்கிற பிள்ளை அநேகமாகப் பசியோடு வந்த பிள்ளைதான்.

பதினான்கு வயதானவர்களுக்குப் பீபாவின் 11+ என்ற உடற்சூட்டுப் பயிற்சியைச் செய்விக்கிறேன். பதினைந்து பயிற்சிகள், இருபது நிமிடம். துள்ளி இறங்கும்போது முழங்கால் உள்ளே மடியாமல் இறங்கப் பழக்குவது அதில் முக்கியமானது. பெண் பிள்ளைகளுக்கு இது கட்டாயம்.

பந்து பற்றைக்குள் போனால்?

எங்கள் முதல் விதி இது, முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. துப்புரவு செய்த எல்லைக்கு வெளியே போன பந்தைப் பிள்ளை எடுக்கப் போகக் கூடாது, பெரியவர் ஒருவரைக் கூப்பிட வேண்டும். மிதிவெடி அகற்றி முடித்த இடங்கள் நிறைய, முடியாத இடங்களும் வன்னியில் இன்னும் இருக்கின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் வந்த வழியே திரும்ப வேண்டும். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடவோ காலால் தட்டவோ கூடாது. பந்து போனால் போகட்டும்.

என் பிள்ளை தேசிய அணிக்குப் போகுமா?

பெரும்பாலும் போகாது. இதை நேராகச் சொல்வதுதான் மரியாதை. பாதை இருக்கிறது: பாடசாலை, வலயம், மாகாணம், பிறகு தேசியம். மன்னாரிலிருந்து மறைந்த டக்சன் பியூஸ்லஸ் தேசிய அணியின் பின்வரிசைக்குப் போனார், மாலைதீவுக் கழகத்துக்கும் ஆடினார். ஆனால் 2023 ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை இலங்கை பீபாவின் தடையில் இருந்தது. அப்படியான விஷயங்கள் பிள்ளையின் காலிலும் இல்லை, என் கையிலும் இல்லை. முப்பது வயதிலும் பின்னேரம் வந்து பந்தடிக்கிற ஆளாக அது வளருமா என்று கேட்டால், அதற்கு நான் பொறுப்பு.

வெளிநாட்டில் இருக்கிறோம். கிண்ணமும் ஜேர்சியும் அனுப்பலாமா?

அனுப்புகிற மனதுக்கு நன்றி. கிண்ணம் வேண்டாம். ஜேர்சியும் இருக்கிறது போதும். 4ஆம் இலக்கப் பந்து அனுப்புங்கள். இங்கே கடைகளில் அநேகமாக 5ஆம் இலக்கம்தான் கிடைக்கும். அது 410 முதல் 450 கிராம், பெரியவர்களுக்கானது. 4ஆம் இலக்கம் 350 முதல் 390 கிராம், சுற்றளவும் குறைவு, பத்து வயதுக் காலுக்கு அளவானது. ஆளுக்கொரு பந்து என்ற நிலைக்கு இன்னும் பன்னிரண்டு குறைகிறது.

அதோடு காற்றடிக்கிற ஊசி. ஒரு பெட்டி நிறைய அனுப்பினாலும் தேவைப்படும். போன மாதம் எங்களிடம் ஒன்பது பந்து இருந்தது, ஊசி முறிந்துபோனதால் விளையாடக்கூடிய பந்து இரண்டுதான் இருந்தது.